ஒரு சொட்டு ரத்தம்... அரை மணி நேரம்!

'ரத்தம் குடுக்க ஒரு நாள் லீவு, ரிசல்ட் வாங்க இன்னொரு நாள் லீவு... கட்டுப்படியாகுமாங்க?'

ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் தினக்கூலிக்கு உழைக்கிறவர் இப்படிக் கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதிலும் எச்.ஐ.வி. பரிசோதனை என்றால் 'யாராவது பார்த்துட்டா?' என்ற பயம் வேறு சேர்ந்துகொள்கிறது!

அந்தக் கவலையில் பாதியைத் தீர்க்கிறது 'ரேபிட் டெஸ்ட்'. விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். சின்னப் பட்டையில் விட்டால், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கோடு தெரிந்துவிடும்.

இந்த வசதியின் அருமை தெரிய வேண்டுமா? 1986-க்குப் போவோம். ஆற்காட்டுக்குப் பக்கத்திலேயே, வேலூரில்தான் அது நடந்தது. 'நம்ம நாட்டுல எய்ட்ஸா? இருக்காது!' என்று பலரும் நினைத்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி டாக்டர் நிர்மலா, ரத்த மாதிரிகளைச் சேகரித்துத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. கணவரோடு ராத்திரி ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே எலைசா சோதனையில் ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. பிறகு அமெரிக்காவில் சோதித்து உறுதி செய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது!

அன்று ஒரு ராத்திரிப் பயணமே தேவைப்பட்டது. இன்று அந்த வேலையை உள்ளங்கையில் அடங்கும் ஒரு பட்டை செய்கிறது. ஆனால், இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் டெஸ்ட் செய்துகொண்டால் ஏமாந்துபோவீர்கள்!

அவசரப்பட்டால் ஆபத்து

இந்தப் பட்டை தேடுவது கிருமியை அல்ல. கிருமியை எதிர்க்க நம் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் பெரும்பாலான ரேபிட் டெஸ்ட்டுகள் தேடுகின்றன. அது ரத்தத்தில் போதிய அளவு சேர மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். உள்ளே கிருமி இருந்தும் டெஸ்ட்டில் 'நெகட்டிவ்' என்று வரும் இந்த இடைவெளியைத்தான் 'விண்டோ பீரியட்' என்கிறார்கள்.

போன வாரம் ஆணுறை இல்லாத உறவு. இந்த வாரம் டெஸ்ட். 'நெகட்டிவ்'. 'அப்பாடா!' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார் ஒருவர். உண்மையில் தொற்று ஆரம்பிக்கும் அந்த வாரங்களில்தான் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாகப் பெருகியிருக்கும். மனைவிக்குத் தொற்றும் வாய்ப்பும் அப்போதுதான் அதிகம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஜுரம், தொண்டை வலி, தோலில் தடிப்பு வரலாம். 'ஏதோ வைரல் ஜுரம்' என்று விட்டுவிடுவோம். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

அப்படியானால் என்ன செய்வது?

* சந்தேகமான சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லையா? உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தொற்றைத் தடுக்கும் மாத்திரையை டாக்டர் சிபாரிசு செய்தால், 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ, அவ்வளவு நல்லது.

* அது தாண்டிவிட்டதா? இப்போது ஒரு டெஸ்ட், மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு டெஸ்ட். அதுவரை ஆணுறை கட்டாயம். ரத்த தானம் வேண்டவே வேண்டாம்.

* கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் ஆய்வக சோதனை, கிருமியின் மரபுப் பொருளையே தேடும் சோதனை ஆகியவை இன்னும் முன்னதாகக் கண்டுபிடிக்கும். தேவையா என்பதை டாக்டர் சொல்வார்.

* ஒரு பட்டையில் கோடு தெரிந்தால் இடிந்துபோகாதீர்கள். அதுவே முடிவல்ல. வெவ்வேறு வகையான மூன்று கிட்டுகளிலும் 'பாசிட்டிவ்' என்று வந்தால்தான் உறுதி.

'டேனரியில் தோல் கிழிச்சு கையில காயம் பட்டா வருமா?'

வராது! இது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் கிருமி. ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் மூலம் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே வேனில் போவதாலோ தொற்றாது.

'கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடுமே?'

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, வேலை கொடுக்க இந்த டெஸ்ட்டை நிபந்தனையாக்கக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யவும் கூடாது. உங்கள் சம்மதம் வாங்கித்தான் டெஸ்ட் எடுக்க வேண்டும், முடிவையும் ரகசியமாக வைக்க வேண்டும்.

'பாசிட்டிவ்' என்றாலும் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாக மருந்து தருகிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம் துணைக்குப் பரவாது. கர்ப்பிணிகள் மருந்து எடுத்துக்கொண்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பை 5 சதவிகிதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம்.

அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். ஆலோசனையும் டெஸ்ட்டும் அங்கே இலவசம். நேரில் போகத் தயக்கமா? 1097-க்குப் போன் செய்து கேளுங்கள். போகும்போது முடிந்தால் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே போங்கள். 'கடைசியாக சந்தேகப்படும்படி நடந்து எத்தனை நாள் ஆச்சு?' என்று ஆலோசகர் கேட்பார். அதற்கு மட்டும் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு சரியாக இருந்தால்தான் பட்டை சொல்லும் முடிவை நம்ப முடியும்!