இனிஷியலில் சிக்கும் உதவித்தொகை

பிளஸ் டூ முடித்த பிள்ளையை மேலே படிக்க வைக்கப் பணம்தான் தடை என்று சொல்வது வழக்கம். மதுரை வட்டாரத்தில் இன்று அது பாதி உண்மைதான். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கப் பதிவுக் கட்டணத்தோடு 50 ரூபாய் போதும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவனுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. கலந்தாய்வில் சேரும், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தனிச் சலுகை உண்டு. பணம் இருக்கிறது, அது பிள்ளையின் கைக்கு வரும் வழியை மறித்து நிற்பவை காகிதங்கள். அவற்றைச் சரிசெய்யும் வேலை மே மாதத்தில் குடும்பத்தின் தலையில் விழக் கூடாது. டிசம்பருக்குள் பள்ளியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என ஒவ்வொரு சான்றுக்கும் இ-சேவை மையத்தில் தனி விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று அது படியேற வேண்டும். ரிசல்ட் வந்த வாரத்தில் தாலுகா முழுவதும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் அந்தப் படிகளில் நெரிசல்தான். அதைவிடச் சங்கடம் பெயர். மதிப்பெண் பட்டியலில் ‘மு. செல்வி’, ஆதாரில் ‘செல்வி முருகன்’, வங்கிப் புத்தகத்தில் ‘எம். செல்வி’ என்றிருந்தால், ஊருக்கு ஒரே பெண், கணினிக்கு மூன்று பேர். உதவித்தொகை ஆதார் இணைந்த கணக்குக்கே போகும் என்பதால், ஓர் இனிஷியலைத் திருத்தவும் உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கிறது.

தேர்வு நேரத்தில் பிள்ளையை அலையவிடலாமா என்று கேட்கலாம். கூடாது, அதனால்தான் டிசம்பர். முன்கூட்டியே வாங்கினால் காலாவதியாகிவிடாதா? சாதிச் சான்று நிரந்தரமானது, வருமானச் சான்றோ ஓராண்டு செல்லும். ஆசிரியர்களுக்கு எமிஸ் என்ற இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவதே பெருஞ்சுமை என்பதுதான் வலுவான மறுப்பு. ஆனால் பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோல் தயாரிக்கும்போது ஒவ்வொரு பெயரையும் பிறந்த தேதியையும் பள்ளி எப்படியும் சரிபார்க்கிறது. அதே மேசையில் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் விரித்துவைத்தால் பிழை அங்கேயே தெரிந்துவிடும். திருத்துவது ஆசிரியர் வேலையல்ல. வருவாய்த் துறையும் வங்கியும் பள்ளிக்கே வந்து ஒரு நாள் முகாம் போடலாம். உயர்கல்வியில் சேராதவர்களைத் தேடி ‘உயர்வுக்குப் படி’ முகாம்களை அரசு இப்போதே நடத்துகிறது. விடுபட்டவர்களைத் தேடிப் போகிற அந்த ஏற்பாட்டை, யாரும் விடுபடாதபடி ஆறு மாதம் முன்னே நகர்த்தச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் முன்பே முடித்துவிட முடியாது. அடமானமில்லாமல் கிடைக்கிற கல்விக் கடனுக்குச் சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் வேண்டும். அவை சீட் கிடைத்த பிறகே வரும். அந்த அலைச்சல் தவிர்க்க முடியாதது. அதற்காவது குடும்பத்துக்கு நாட்கள் மிஞ்ச வேண்டுமானால், இனிஷியல் விவகாரம் மார்கழியிலேயே தீர்ந்திருக்க வேண்டும்.