வண்டிக்குள் ஒரு கண்

நெடுந்தூரம் சரக்கு ஏற்றிச் செல்லும் அமெரிக்க லாரிகள் பலவற்றின் முன்கண்ணாடியில் உள்ளங்கை அளவே உள்ள ஒரு கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்குக் கண்கள் இரண்டு. ஒன்று சாலையைப் பார்க்கிறது. மற்றொன்று வண்டி ஓட்டுபவரைப் பார்க்கிறது. சாலையைப் பார்க்கும் கண்ணைப் பற்றி அந்நாட்டு டிரைவர்களுக்குப் பெரிய குறை ஏதும் இல்லை. தங்களைப் பார்க்கும் கண்ணைக் குறித்தே வழக்கும் வாதமும் சங்கப் பேச்சுவார்த்தையும் நடந்து வருகின்றன. இவ்விஷயத்தை நம் அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நன்றெனக் கருதுகிறோம். நெசவாளரும் விவசாயியும் லாரி ஓட்டுபவர் அல்லர். எனினும், கூலிக்கு உழைப்பவர் தம்மில் எவ்வளவைக் கூலி கொடுப்பவரிடம் ஒப்படைக்கிறார் என்னும் கேள்வி தறிக்குழிக்கும் களத்துமேட்டுக்கும் அந்நியமானதன்று.

முதலில் அக்கருவி வேலை செய்யும் முறையைக் கூறிவிடுகிறோம். பழைய வகைக் கருவி வண்டி ஓடும்போதெல்லாம் படம் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் பிடித்ததனைத்தையும் கம்பெனிக்கு அனுப்பாது. திடீரென்று பிரேக் போட்டாலோ, வளைவில் விரைந்து திருப்பினாலோ, எதன் மீதேனும் மோதினாலோ, அந்த அதிர்ச்சியை உணர்ந்து, அதற்குச் சற்று முன்னும் பின்னும் நடந்ததை மட்டும் தனியே எடுத்து அனுப்பும். பரவலாக விற்பனையான ஒரு கருவியில் முன்னால் 8 வினாடி, பின்னால் 4 வினாடி, ஆக 12 வினாடி என்பது கணக்கு. புதிய வகைக் கருவி இதனோடு நிற்பதில்லை. அதனுள் இருக்கும் கணிப்பொறி டிரைவரின் முகத்தை இடைவிடாமல் ஆராய்ந்துகொண்டே வருகிறது. கண் சாலையை விட்டு விலகியதா, இமை தாழ்ந்ததா, கொட்டாவி வந்ததா, கை கைப்பேசியை நாடியதா, இருக்கைப் பட்டை மாட்டப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் தானே தீர்மானித்து, வண்டிக்குள்ளேயே குரல் கொடுத்து எச்சரிக்கிறது. நிர்வாகத்துக்கும் குறிப்பு அனுப்புகிறது. இக்குறிப்புகளைக் கொண்டு டிரைவருக்கு மதிப்பெண் போடுவதும் வழக்கமாகியிருக்கிறது. யந்திரம் தவறுவதும் உண்டு. பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பியதைக் கவனக் குறைவு என்று அது குறித்துக்கொண்டதாக டிரைவர்கள் முறையிட்டிருக்கிறார்கள். பக்கக் கண்ணாடியைப் பாராமல் லாரி ஓட்டுவது எங்ஙனம் என்பதை அக்கருவியைச் செய்தவர்கள்தாம் கூற வேண்டும்!

டிரைவரின் வேலை நேரத்தை அளக்கும் முயற்சி புதிதன்று. அமெரிக்காவில் 1930-களின் இறுதியிலேயே அதற்கு விதி ஏற்பட்டது. டிரைவரே தம் கைப்பட ஒரு குறிப்பேடு எழுதி வரவேண்டும். அந்த ஏட்டில் பொய்க் கணக்கு மலிந்ததும், டிரைவர்களே அதைக் கேலியாகக் 'காமிக்ஸ் புத்தகம்' என்று அழைத்ததும் ஊரறிந்த செய்தி. ஐரோப்பாவில் வேறு வழி கண்டனர். வண்டியின் வேகத்தையும் ஓடிய நேரத்தையும் ஒரு வட்டத் தாளில் தானே கோடிட்டுக் காட்டும் 'டாக்கோகிராஃப்' என்னும் யந்திரத்தைப் பொதுச் சந்தை நாடுகள் 1970-ஆம் ஆண்டு விதியின் மூலம் கட்டாயமாக்கின. பிரிட்டிஷ் டிரைவர்கள் அதற்கு இட்ட பெயர் 'வண்டிக்குள் ஒற்றன்'. அவர்களுடைய எதிர்ப்புக்கு அஞ்சி அந்நாட்டுச் சர்க்கார் தயங்கி நின்றது. 1979-இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்த பின்னரே அங்கு அது நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவில் கைக்குறிப்பேட்டுக்கு மாற்றாக, எஞ்சினோடு இணைந்த மின்னணுக் குறிப்பேடு 2017 டிசம்பரில் கட்டாயமாயிற்று. இதற்கு முந்தைய முயற்சியொன்றை 2011-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அக்கருவியை டிரைவர்களைத் துன்புறுத்தும் கருவியாக முதலாளிகள் ஆக்கிவிடாமல் தடுக்கப் போதிய வழி செய்யவில்லை என்பதே காரணம். வழக்குத் தொடுத்தவர்கள் சொந்த லாரி வைத்து ஓட்டும் டிரைவர்களின் சங்கத்தார். அதன் பயனாகப் புதிய விதியில் ஒரு நுட்பம் புகுந்தது. வேலை நேரத்தில் வண்டி நிற்கும் இடத்தை ஒரு மைல் அளவுக்குத் துல்லியமாகக் குறிக்கும் அக்கருவி, டிரைவர் தம் சொந்தக் காரியத்துக்காக வண்டியை எடுத்துச் செல்லும்போது சுமார் 10 மைல் சுற்றளவுக்குள் என்று பொதுப்படையாகவே குறிக்க வேண்டும். வேலை முடிந்தபின் அவர் உணவு விடுதிக்குப் போனாரா, வைத்தியரிடம் போனாரா, கோயிலுக்குப் போனாரா என்பது முதலாளிக்கோ சர்க்காருக்கோ தெரிய வேண்டுவதில்லை அன்றோ? விதி எழுதுபவர்கள் மனம் வைத்தால் வேலைக்கும் வாழ்வுக்கும் இடையே கோடு கிழிக்க முடியும் என்பதற்கு இதனை ஓர் உதாரணமாகக் கொள்கிறோம்.

காமிராவிலோ இக்கோடு எளிதில் அழிந்துபோகிறது. காரணம், லாரியின் முன்பகுதி வெறும் வேலைத்தலம் அன்று. அமெரிக்க நெடுந்தூர லாரிகளில் ஆசனத்துக்குப் பின்னால் ஒரு சிறு அறை உண்டு. அதில் கட்டில் உண்டு. உடை மாட்டும் இடம் உண்டு. பலர் ஒரு சிறு அடுப்பும் குளிர்பெட்டியும் வைத்துக்கொள்கின்றனர். வாரக்கணக்கில் வீடு திரும்பாத டிரைவர் உண்பதும், உடை மாற்றுவதும், பிரார்த்தனை செய்வதும், இரவில் மனைவி மக்களோடு பேசுவதும் அங்கேதான். சட்டப்படி 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல், 10 மணி நேரம் ஓய்வு கொள்வதும் பெரும்பாலும் அங்கேதான். நம் நெசவாளர் வீடுகளில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. தறி நெய்வதைப் பார்ப்பதற்கென்று ஒருவர் அங்கே காமிரா வைத்தால் அதில் தறி மட்டுமா தெரியும்?

அரிஸோனா மாகாணத்தின் ஃபீனிக்ஸ் நகரில் காய்கனி விநியோகம் செய்யும் ஒரு கம்பெனியின் டிரைவர், பகல் உணவு இடைவேளையில் லாரியை நிறுத்திவிட்டு, தம்மை நோக்கும் காமிராவை மூடி வைத்தார். உடனே மேற்பார்வையாளரிடமிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்தது: காமிராவை மூடுவது கம்பெனி விதிக்கு மாறானது. இச்சிறு சம்பவம் தேசிய தொழிலுறவு வாரியம் வரை சென்றது. தனியார் முதலாளி தம் வண்டியில் காமிரா வைப்பதைத் தடுக்கும் பொதுச் சட்டம் அந்நாட்டில் இல்லை. ஆதலின் வழக்கு தொழிற்சங்கச் சட்டத்தின் வழியாகவே வந்தது. அந்த டிரைவர் சங்க ஆதரவாளர். சங்கக் காரியங்கள் கண்காணிக்கப்படுகின்றன என்ற எண்ணத்தை இச்செய்தி உண்டாக்கியது என்று வாரியம் 2023-இல் கூறிற்று. வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 மார்ச்சில் அதனை ஏற்கவில்லை. காமிரா இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது முன்பே அறிவிக்கப்பட்ட விதி. அதை நினைவூட்டியதில் குற்றமில்லை என்பது அதன் தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆயினும் ஒருவர் சோறு உண்ணும் அரை மணி நேரத்துக்கு அந்தக் கண்ணை மூடி வைக்கலாகாதா என்ற கேள்விக்கு அத்தீர்ப்பில் விடை இல்லை.

இல்லினாய் மாகாணத்தில் நிலைமை வேறு. விரல் ரேகை, முக அமைப்பு முதலிய உடல் அடையாளங்களை ஒருவரிடமிருந்து எடுக்குமுன் எழுத்து மூலம் அறிவித்து, எழுத்து மூலம் சம்மதம் பெற வேண்டும் என்று அங்கே 2008-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். மீறினால் அசட்டைக்கு 1,000 டாலர், தெரிந்தோ பொறுப்பின்றியோ மீறியதற்கு 5,000 டாலர். இச்சட்டத்தின் கீழ் முதன்முதலாக ஜூரி முன் விசாரணைக்கு வந்த வழக்கே லாரி டிரைவர்களுடையதாகும். சரக்கு ஏற்றவும் இறக்கவும் பி.என்.எஸ்.எஃப். ரயில்வேயின் யார்டுகளுக்குள் நுழைந்தபோது, வாயிற்கதவு திறப்பதற்காக அவர்கள் விரல் ரேகை பதிக்க வேண்டியிருந்தது, சம்மதம் கேட்கப்படவில்லை. 45,600 மீறல்கள் என்று ஜூரி கண்டது. ஒன்றுக்கு 5,000 வீதம் 22 கோடியே 80 லட்சம் டாலர் என்று 2022 அக்டோபரில் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு நீதிபதி அத்தொகையை நீக்கி மறுவிசாரணைக்கு உத்தரவிட, 2024-இல் 7 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அதன்பின் மாகாண சட்டசபை, ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி நஷ்டஈடு என்றிராமல் ஆளுக்கு ஒரு முறை என்று சட்டத்தைத் திருத்திக்கொண்டது. இதே சட்டத்தை வைத்து, டிரைவரின் முகத்தை அளக்கும் காமிராக் கம்பெனிகள் மீதும் வழக்குகள் தொடுக்கப்பட்டன.

முதலாளிகள் பக்கத்தையும் கூறாது விடுதல் முறையன்று. பெரிய லாரிகள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் அமெரிக்காவில் ஆண்டுதோறும் 5,000-க்கு மேற்பட்டோர் மாண்டுவருகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் லாரிக்குள் இருந்தவர் அல்லர். காரில் வந்தவரும் நடந்து சென்றவருமே. விபத்து வழக்கொன்றில் ஒரு கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு விதிக்கப்பட்டால் நடுத்தரக் கம்பெனி எழுந்திருக்க இயலாது. தூங்கி விழும் டிரைவரை ஒரு குரல் தட்டி எழுப்பினால் அது அவர் உயிரையும் எதிரே வருபவர் உயிரையும் காக்கும். தவறு தம்முடையதன்று என்று காமிராப் படத்தைக் காட்டி விடுதலை பெற்ற டிரைவர்களும் உண்டு. ஆனால் அத்தகைய படங்களில் மிகுதியானவை சாலையைப் பார்க்கும் கண் தந்தவை என்பதையும் மறக்கலாகாது. லாரிக் கம்பெனிகளின் சங்கத்தைச் சார்ந்த ஆராய்ச்சி நிலையமே 2023-இல் வெளியிட்ட ஆய்வில், உள்நோக்கும் காமிராவோடு வண்டி ஓட்டிவரும் டிரைவர்கள் அதற்கு அளித்த மதிப்பு பத்துக்கு 2.24 தான்.

நம் அபிப்பிராயத்தில் காமிராவின் பெரிய குறை அது காண்பதில் இல்லை, காணாததில் இருக்கிறது. அந்நாட்டு நெடுந்தூர டிரைவர்களில் பெரும்பாலோர் ஓடிய மைலுக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர். கிடங்கு வாயிலில் சரக்கு ஏற்றும் வரை நான்கு மணி, ஐந்து மணி நேரம் காத்துக் கிடந்தால் அதற்குப் பலருக்குக் கூலியே இல்லை. காத்திருந்த நேரமும் அவருடைய 14 மணி நேர வேலை நாளைத் தின்றுகொண்டே இருக்கும். மிகைநேர ஊதியச் சட்டத்திலிருந்தும் 1938 முதல் அவர்களுக்கு விலக்கு. அதாவது அச்சட்டத்தின் பயன் அவர்களுக்கு இல்லை. இழந்த நேரத்தை ஈடு செய்ய இரவில் விரைந்து ஓட்டும்போது வருகிற கொட்டாவியைக் காமிரா பிடித்துக்கொள்கிறது. கிடங்குக்காரரின் தாமதத்தைப் பிடிக்கும் காமிரா எங்கும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்துச் சமூகவியல் அறிஞர் கேரன் லெவி இத்தொழிலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2022-இல் எழுதிய நூலிலும், களைப்புக்குக் காரணமான கூலி முறையை விட்டுவிட்டு டிரைவரை அளப்பதிலேயே கருத்துச் செல்வதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். மின்னணுக் குறிப்பேடு வந்தபின் நேர விதி மீறல் குறைந்தது. ஆனால் விபத்து குறைந்ததாகத் தெரியவில்லை, சிறு கம்பெனி டிரைவர்கள் வேகத்தைக் கூட்டினர் என்று ஓர் ஆய்வு கண்டிருப்பதும் கவனிக்கத்தக்கது.

நாம் தணிக்கை உத்தியோகத்தில் இருப்பவர்கள். கண்காணிப்பே கூடாது என்று நாம் எழுதினால் அங்கத்தினர்கள் நகைப்பார்கள். ஆனால் தணிக்கைக்கு வருபவர் பேரேட்டையும் ரொக்கப் பெட்டியையும் நூல் இருப்பையும் சரிபார்க்கிறார். காரியதரிசி உண்ணும்போது அவர் முகத்தைப் பார்த்துக் குறிப்பெழுதுவதில்லை. வேலை முடிந்ததும் எழுந்து போய்விடுகிறார். குறிப்பில் தவறிருந்தால் பதில் எழுதவும் இடமுண்டு. எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, பார்த்ததை யார் எவ்வளவு காலம் வைத்திருப்பது, தவறாகப் பார்த்தால் மறுப்பது எப்படி என்பவை முன்கூட்டியே பேசி முடிக்கப்பட வேண்டியவை. ஜெர்மனியில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழு உள்ள தொழிலகத்தில் அவர்கள் நடத்தையைக் கண்காணிக்கும் யந்திரம் எதையும் அக்குழுவின் இசைவின்றி வைக்க இயலாது. நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமுகமாகக் கூறினர். ஆனால் 2023-ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டம், வேலை சம்பந்தமான காரியங்களுக்கும் முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் தொழிலாளியின் சம்மதமின்றியே அவருடைய விவரங்களைக் கையாள இடம் தருகிறது. அச்சொற்கள் எவ்வளவு தூரம் நீளும் என்பதை இனி வரும் வழக்குகள்தாம் காட்டும்.

சட்டம் கைகொடுக்காத இடத்தில் ஒப்பந்தம் கைகொடுத்த கதை ஒன்று உண்டு. யுனைடெட் பார்சல் சர்வீஸ் கம்பெனிக்கும் டீம்ஸ்டர்ஸ் சங்கத்துக்கும் 2023-இல், சுமார் 3,40,000 தொழிலாளர் சார்பில், பேச்சுவார்த்தை நடந்தது. கூலி உயர்வையும் வண்டிகளில் குளிர்சாதனத்தையும் போலவே, டிரைவரை நோக்கும் காமிரா கூடாது என்பதும் சங்கத்தின் கோரிக்கை. கம்பெனி அதற்கு இணங்கியது. சர்க்காரும் ஒருமுறை பின்வாங்கியது. 18 முதல் 20 வயது வரையுள்ள இளைஞருக்கு மாகாணம் விட்டு மாகாணம் லாரி ஓட்டப் பயிற்சி தரும் திட்டமொன்று 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்டது. சட்டத்தில் இல்லாத ஒரு நிபந்தனையை இலாகா தானாகச் சேர்த்தது: பயிற்சி வண்டியில் உள்நோக்கும் காமிரா இருந்தே தீரவேண்டும். திட்டத்தில் சேர வந்தவர் மிகச் சிலரே. 2024-இல் காங்கிரஸ் தலையிட்டதன் பேரில் இலாகா அந்நிபந்தனையை எடுத்துவிட்டது.