இன்ஜின் புதுசு, பாடி பழசு, ஒயர்..? - கையால் கட்டும் 'ஹாட் ராட்' கார்களின் மின்சாரக் கதை!

பார்ப்பதற்கு 1932-ம் வருட ஃபோர்டு கார். பானெட்டைத் திறந்தால், உள்ளே கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இந்தக் காலத்து வி8 இன்ஜின். ஏசி இருக்கிறது, பவர் விண்டோ இருக்கிறது, பாட்டு கேட்க ப்ளூடூத்தும் இருக்கிறது. இந்தக் காரை எந்தக் கம்பெனியும் தயாரிக்கவில்லை. யாரோ ஒருவர் தன் வீட்டு ஷெட்டில், சனி, ஞாயிறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தது. அமெரிக்காவில் இதற்கு 'ஹாட் ராட்' என்று பெயர்.

சேஸியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பாடியும் கிடைக்கும். இன்ஜினைக்கூட மரப்பெட்டியில் வைத்து வீட்டு வாசலுக்கே அனுப்புகிறார்கள். ஆனால், கார் கட்டுபவர்கள் பலரும் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது, ஒயரிங்!

காரணம் இருக்கிறது. தப்பாக அடித்த பெயின்ட் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்துவிடும். சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம். தப்பாகப் போட்ட ஒயர் அப்படியில்லை. இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு, ஒருநாள் நெடுஞ்சாலையில் டாஷ்போர்டுக்குப் பின்னால் புகையத் தொடங்கும். அப்போது காருக்குள் மனைவியும் குழந்தைகளும் இருக்கலாம்.

ஏழெட்டு ஒயரில் ஓடிய காலம்

ஹாட் ராட் மோகம் தெற்கு கலிஃபோர்னியாவில் வேர்விட்டது. 1930-களில் அங்கிருந்த இளைஞர்கள், மியூராக் போன்ற காய்ந்துபோன ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டுகளை ஓட்டி, யாருடைய கார் வேகம் என்று பார்த்தார்கள். பந்தயத்துக்கு நேரம் குறிக்க 1937-ல் ஒரு சங்கமே உருவானது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே பத்திரிகையும் வந்துவிட்டது. இவர்களின் செல்லப்பிள்ளை, 1932-ல் ஃபோர்டு கொண்டுவந்த வி8 கார். சாமானியர் வாங்கக்கூடிய விலையில் 65 குதிரைத்திறன் கிடைத்தது அப்போது பெரிய விஷயம்.

அந்தக் கார்களில் மின்சார வேலை கொஞ்சம்தான். ஹெட்லைட், பின் விளக்கு, ஹாரன், இக்னிஷன், செல்ஃப் மோட்டார், டைனமோ... அவ்வளவே. எல்லாம் 6 வோல்ட்டில் ஓடின. 1956-ம் வருட மாடலில்தான் ஃபோர்டு கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின.

6 வோல்ட்டில் என்ன சிக்கல்? 60 வாட் பல்ப் ஒன்றை 12 வோல்ட்டில் எரியவைக்க 5 ஆம்பியர் போதும். அதே 60 வாட்டுக்கு 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓட வேண்டும். ஒயரில் ஓடும் ஆம்பியர் இரண்டு மடங்கானால், ஒயரில் வீணாகும் சூடு நான்கு மடங்காகும். அதனால் பழைய 6 வோல்ட் கார்களில் ஒயர் தடிமனாக இருக்க வேண்டும். இணைப்பில் கொஞ்சம் துரு பிடித்தாலே விளக்கு மங்கிவிடும்.

போதாக்குறைக்கு, அந்த ஃபோர்டுகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் நெகட்டிவ். இது தெரியாமல் புது ரேடியோ ஒன்றைப் பொருத்தினால், அது பாடுவதற்கு முன்பே கருகிவிடும். ஒயர்களின் மேலே சுற்றியிருந்த பருத்தி நூலும் ரப்பரும் பல வருடங்களில் தொட்டாலே உதிரும். ஆகவே, பழைய காரை வாங்கிப் புதுப்பிப்பவர்களில் பெரும்பாலானோர் பழைய ஒயர் முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறார்கள்.

பெயரிலேயே 'வலி இல்லை'!

இன்றைய ஹாட் ராடின் மின்சாரப் பசி வேறு மாதிரி. ரேடியேட்டர் ஃபேன் மட்டுமே 20 முதல் 30 ஆம்பியர் கேட்கும். அன்றைய டைனமோ மொத்தமாகத் தந்ததே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு மேல் பெட்ரோல் பம்ப், இன்ஜின் கம்ப்யூட்டர், ஏசி, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. 100 ஆம்பியருக்கு மேல் தரும் ஆல்டர்னேட்டர் இப்போது சாதாரணம்.

இந்தத் தேவைக்காகவே ரெடிமேட் ஒயரிங் கிட் விற்கும் கம்பெனிகள் அமெரிக்காவில் உண்டு. டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த் நகரில் இருக்கும் ஒரு கம்பெனியின் பெயரே 'பெயின்லெஸ்'. 'வலி இல்லாதது' என்று அர்த்தம். ஒயரிங் வேலை எவ்வளவு வலி கொடுத்திருந்தால் இப்படிப் பெயர் வைத்திருப்பார்கள்!

கிட்டைப் பிரித்தால், ஃபியூஸ் பாக்ஸும் அதிலிருந்து கிளம்பும் ஒயர்களும் தயாராக இருக்கும். 12 சர்க்யூட், 18 சர்க்யூட், 21 சர்க்யூட் என்று தேவைக்கேற்பக் கிடைக்கிறது. ஒயருக்கு ஒரு நிறம். போதாததற்கு, அந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்பது அதன் மேலேயே நெடுக அச்சிட்டிருக்கும். 'இடது இண்டிகேட்டர்' என்று எழுதியிருக்கும் ஒயரை இடது இண்டிகேட்டர் வரை கொண்டுபோய், மிச்சத்தை வெட்டிவிட்டு இணைக்க வேண்டியதுதான்.

ஒயரின் தோலும் மாறிவிட்டது. சாதாரண பிவிசி உறை 80 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். நல்ல கிட்களில் வரும் ஒயரின் உறை வேறு வகை பிளாஸ்டிக். 125 டிகிரி வரை தாங்கும். கொதிக்கும் இன்ஜினுக்குப் பக்கத்தில் ஓடும் ஒயருக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

ஃபியூஸ் காப்பாற்றுவது யாரை?

ஃபியூஸ் இருப்பது ரேடியோவையோ விளக்கையோ காப்பாற்றத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் அது காப்பாற்றுவது ஒயரை. கார் பேட்டரி 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. செல்ஃப் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கும் அதிகமான ஆம்பியரைக் கொட்டிக் கொடுப்பது அதே பேட்டரிதான். ஒரு மெல்லிய ஒயரின் தோல் உரிந்து இரும்பில் பட்டால், அந்த மொத்த பலமும் அதன் வழியாகப் பாயும். சில நொடிகளில் ஒயர், ஹீட்டர் கம்பி மாதிரி சிவந்துவிடும்.

அதனால்தான் ஒயர் தாங்கும் அளவைப் பார்த்து ஃபியூஸ் போடச் சொல்கிறார்கள். ஃபியூஸை பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ, அவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும். அடிக்கடி போகிறதே என்று 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் போட்டால், அடுத்த முறை ஃபியூஸ் போகாது, ஒயர் போகும்.

அடுத்தது ரிலே. இரண்டு ஹெட்லைட் சேர்ந்து 110 வாட் என்றால் சுமார் 9 ஆம்பியர். இத்தனையும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போனால் சுவிட்ச் சூடாகும், விளக்கும் மங்கும். ரிலே இருந்தால், சுவிட்சிலிருந்து கால் ஆம்பியருக்கும் குறைவான சைகை மட்டும் போகும். சுமையை ரிலே தூக்கிக்கொள்ளும்.

எர்த் இல்லாத பாடி!

பேட்டரியிலிருந்து கிளம்பிய மின்சாரம் பேட்டரிக்கே திரும்பி வர வேண்டும். இரும்பு பாடி கார்களில் அந்தத் திரும்பு வழி, பாடிதான். ஆனால், இன்று கட்டப்படும் பல '1932 ஃபோர்டு'கள் உண்மையில் ஃபைபர்கிளாஸ் பாடி கொண்டவை. ஃபைபரில் மின்சாரம் ஓடாது. பின் விளக்கை பாடியில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் மட்டும் அது எரியாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுத்து சேஸியில் சேர்க்க வேண்டும்.

இரும்பு பாடியிலும் வேறு ஒரு பிரச்னை. அழகாக அடித்த பெயின்டின் மேலேயே எர்த் ஒயரை முடுக்கிவிடுவார்கள். பெயின்டிலும் மின்சாரம் ஓடாது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குவது, ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் ஆடுவது போன்ற 'பேய் பிடித்த' தொல்லைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் மோசமான எர்த்தான் இருக்கும். விளக்கை எரியவிட்டு, அதன் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த இணைப்பைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

இடம் போதாததால் பல ஹாட் ராடுகளில் பேட்டரி டிக்கிக்குப் போய்விடும். அங்கிருந்து முன்பக்கம் வரும் தடித்த கேபிள், இரும்புத் துளைகளின் விளிம்பில் உரசாமல் ரப்பர் வளையத்துக்குள் வர வேண்டும். டிராக் ரேஸ் நடத்தும் அமெரிக்க அமைப்பான என்.எச்.ஆர்.ஏ., பேட்டரியை இப்படி இடம் மாற்றினால் காரின் பின்புறத்தில் வெளியிலிருந்தே அணைக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் வேண்டும் என்கிறது. அதைத் திருப்பினால் ஓடும் இன்ஜினும் நிற்க வேண்டும். விபத்து நடந்தால், உதவிக்கு ஓடிவருபவர் பானெட்டைத் திறந்துகொண்டிருக்க முடியாதே!

ஒயர் குறைந்தது, மூளை வந்தது

கடந்த சில ஆண்டுகளில் வந்திருக்கும் பெரிய மாற்றம், ஃபியூஸும் ரிலேயும் இல்லாத ஒயரிங். 1986-ல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 'கேன்' என்ற தகவல் முறையை அறிமுகப்படுத்தியது. காரின் பல பாகங்களிலுள்ள குட்டிக் கம்ப்யூட்டர்கள், இரண்டே ஒயர் வழியாகப் பேசிக்கொள்ளும் ஏற்பாடு அது. கம்பெனி கார்களில் எப்போதோ வந்துவிட்ட இந்த முறை, இப்போது ஹாட் ராடுகளுக்கும் வந்திருக்கிறது.

முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி. இரண்டுக்கும் பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஒன்று. இரண்டும் பேசிக்கொள்ள மெல்லிய ஒயர் ஜோடி. டாஷ்போர்டிலிருந்து பின் விளக்கு வரை கட்டுக்கட்டாக ஒயர் இழுக்கும் வேலை மிச்சம். ஒரு சர்க்யூட்டில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பெட்டியே அளந்துகொண்டிருக்கும். அளவு மீறினால் நொடிக்குள் துண்டிக்கும். கோளாறு சரியானதும் மறுபடி இணைக்கும். சிலவற்றை மொபைலிலிருந்தே இயக்கலாம்.

இவ்வளவு வசதிக்கும் ஒரு விலை இருக்கிறது. ரிலே போனால், பக்கத்து ஊர் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில் வேறு வாங்கி மாட்டலாம். கடை இல்லாவிட்டால் ஹாரன் ரிலேயைப் பிடுங்கி பெட்ரோல் பம்ப்புக்குப் போட்டு வீடு வந்து சேரலாம். பெட்டி போனால்? கார் நின்ற இடத்திலேயே நிற்கும். புதுப் பெட்டி கூரியரில் வர வேண்டும். பத்து வருடம் கழித்து அந்தக் கம்பெனியே இல்லாமல் போனால், அந்த மாடல் பெட்டி கிடைக்குமா என்பதும் கேள்விதான். 1932-ம் வருட கார் இன்று வரை ஓடுவதற்குக் காரணமே, அதை யாரும் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள முடிந்ததுதான்.

இதற்கு ஒரு நடுவழியும் இருக்கிறது. இன்ஜின், பெட்ரோல் பம்ப், ஹெட்லைட் மூன்றையும் பழையபடி தனி ஃபியூஸ், ரிலேயில் வைத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடி, பாட்டு, உள் விளக்கு போன்றவற்றை மட்டும் பெட்டியிடம் ஒப்படைப்பது. பெட்டி மக்கர் செய்தாலும் கார் வீடு வந்து சேரும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இந்தக் கார்கள் வாரக்கணக்கில் ஷெட்டிலேயே நிற்பவை. கம்ப்யூட்டர், கடிகாரம், அலாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் எடுத்தால்கூட ஒரு மாதத்தில் 36 ஆம்பியர்-அவர் காலி. 45 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அதன்பின் செல்ஃப் எடுக்குமா என்பது சந்தேகம்தான். நிறுத்தும்போது கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பிவிடுவது இதற்கும் மருந்து. ஆனால், இன்ஜினை நிறுத்திய பிறகே திருப்ப வேண்டும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரியை மட்டும் துண்டித்தால், வோல்ட்டேஜ் சட்டென்று எகிறி கம்ப்யூட்டரைப் பலிவாங்கிவிடும்.

நம் காருக்கு என்ன பாடம்?

நம் ஊரில் இஷ்டத்துக்குக் காரை மாற்றிக் கட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

ஆனால், கார் வாங்கிய மறுவாரமே ஆக்சஸரீஸ் கடைக்குப் போகிறவர்கள் இங்கே அதிகம். ரிவர்ஸ் கேமரா, டேஷ் கேமரா, ஜிபிஎஸ், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றுக்கும் எங்காவது ஓர் ஒயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிவிடுவார்கள். வெயிலில் டேப்பின் பசை இளகும், முறுக்கு தளரும். ஹாட் ராட் கட்டுபவர்கள் பயப்படும் அதே ஆபத்து, நம் டாஷ்போர்டுக்குப் பின்னாலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த முறை கடையில் நிற்கும்போது சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி ஒயரை வெட்டாமல், காரின் சாக்கெட்டிலேயே மாட்டும் கப்ளர் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிதாகப் போகும் ஒவ்வொரு பாசிட்டிவ் ஒயருக்கும், அது கிளம்பும் இடத்திலேயே தனி ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதில், அளவான லக் வைத்து அதற்குரிய கருவியால் அழுத்தச் சொல்லுங்கள். வேலை முடிந்து பேனலை மூடுவதற்கு முன், எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று மொபைலில் நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஏதாவது கோளாறு என்றால், காரைப் பார்க்கும் எலெக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலை மிச்சமாகும்.