எண்ணெய்க் கசிவும் தளர்ந்த பிளக்கும்

திருவண்ணாமலையில் இரமணாசிரமத்தின் முன்னே செல்லும் செங்கம் சாலை, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஒரு பகுதியாகும். பௌர்ணமிதோறும் திரளான மக்கள், பலர் வெறுங்காலுடன், இவ்வழியே நடக்கின்றனர். ஏனைய நாட்களில் இச்சாலையோரத்தில் கார்கள் நிற்கின்றன. கார் அகன்றபின் தரையில் கருந்திட்டு காணப்படின், அது நடப்போர் காலை வழுக்கும். மழைநீரோடு ஓடையிலும் கலக்கும். வண்டிக்கு உடையவரோ, எண்ணெய் வற்றி எஞ்சின் பழுதானால், பெரும் பொருளை இழப்பார். ஆகவே கசிவைத் தொடக்கத்திலேயே கண்டறிதல் வேண்டும்.

முதலில், ஒழுகுவது யாதென அறிவோம். இரவில் வண்டியின் அடியில் அட்டை ஒன்றை விரித்து வைத்துக் காலையில் பார்க்கலாம். கருமையும் பிசுபிசுப்பும் உடையது எஞ்சின் எண்ணெய். பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறமுள்ள நீர் ரேடியேட்டரினுடையது. தெளிந்த நீர் பெரும்பாலும் குளிர்சாதனத்தினின்று சொட்டுவது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

எண்ணெய் மேலிருந்து கீழே வழியும்; வண்டி ஓடுகையில் காற்று அதனைப் பின்னே தள்ளும். ஆதலால் சொட்டும் இடமே கசியும் இடம் என்று கொள்ளலாகாது. எஞ்சின் ஆறியபின் நன்கு துடைத்து, சிறிது தூரம் ஓட்டி வந்து, ஈரம் தோன்றும் மிக உயர்ந்த இடத்தைக் காண வேண்டும். எண்ணெய்க் குறை நிரப்பாமல் வண்டியை ஓட்டுதல் கூடாது.

பிளக் அமர்ந்துள்ள குழியில் எண்ணெய் நின்றால், பிளக்கின் மீது பழி சுமத்தலாகாது. பெரும்பாலும் மேலேயுள்ள டேப்பட் கவரின் பேக்கிங் அல்லது குழியின் சீல் தேய்ந்து, எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கும். பிளக் தளர்ந்திருந்தால் அடையாளம் வேறு: எஞ்சின் ஓடும்போது ‘டிக் டிக்’ என்னும் ஒலி எழும், இழுவை குறையும், பிளக்கைச் சுற்றிக் கரி படியும். எரிந்த வாயு இடுக்கின் வழியே வெளியேறுவதே இதற்குக் காரணம். பிளக் அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதாகவும் கூடும்.

பிளக்கைக் கழற்றுமுன் குழியிலுள்ள எண்ணெயையும் தூசியையும் அகற்றுக. இல்லையேல் அவை சிலிண்டருக்குள் விழும். எஞ்சின் ஆறியபின் முதலில் கையால் திருகி, பிறகே ஸ்பானரால் முறுக்க வேண்டும். வளையம் உடைய புதிய பிளக்கிற்குப் பொதுவாக அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். ஆயினும் வண்டியின் கைநூலில் கூறிய அளவே முடிவானது. மிகையாக முறுக்கினால் அலுமினியத் தலைப்பகுதியின் மரை கெடும்.

டீசல் டிராக்டரிலும் டீசல் பம்புசெட்டிலும் ஸ்பார்க் பிளக் இல்லை. ஆனால் பெட்ரோல் தெளிப்பான், களையெடுக்கும் கருவி ஆகியவற்றில் உண்டு. அவற்றிற்கும் இம்முறையே பொருந்தும்.

கழிவெண்ணெயைச் சாக்கடையில் கொட்டாது தகரப் பெட்டியில் சேர்த்து வைக்க ஊராட்சி உறுப்பினர்கள் மக்களுக்கு எடுத்துரைத்தல் நன்று. துணி ஒன்றும் சிறிது பொறுமையும் இருப்பின், பெருஞ்செலவை நாமே தவிர்க்கலாம்.