மருந்து ஒவ்வாமையும் மின்னணு எச்சரிக்கையும்

புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தை மையமாகக் கொண்டு 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், 2011 முதல் காசியாபாத்திலிருந்து இயங்கி வருகிறது. மருந்துகளால் விளையும் தீங்குகளை நாடெங்கிலுமிருந்து திரட்டுவது அதன் பணி.

படுக்கையிலுள்ள நோயாளியைக் காப்பதோ அவரது ஏட்டிலுள்ள குறிப்பேயாகும். பென்சிலின் ஒவ்வாதெனக் கணிப்பொறியில் ஒருமுறை பதிந்திருப்பின், மருத்துவர் அமாக்ஸிசிலின் எழுதும்போதும் எச்சரிக்கை எழும். இரண்டும் ஓரினத்தவை என்பதும் அதில் பதிந்துள்ளது. வெறும் குமட்டலையும் ஒவ்வாமையெனப் பதிந்தாலோ, வீண் எச்சரிக்கைகள் பெருகி, மெய்யானதும் புறக்கணிக்கப்படும். மேல்நாடுகளில் பென்சிலின் ஒவ்வாதவரெனக் குறிக்கப்பெற்றோரை முறையாகச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது பேர் அளவில் அதனைத் தீங்கின்றி ஏற்றனர்.

வெளியூரிலிருந்து டில்லிக்கு வரும் நோயாளி, ஏதோ ஓர் ஊசி சேரவில்லை என்று மட்டும் சொன்னால், பொறியால் ஆவது ஒன்றுமில்லை. மருந்தின் பெயர் எழுதிய பழைய சீட்டு வேண்டும்.