கொல்லிமலைப் படியில் கால் இறங்க, மனம் எங்கே போகிறது?

அரப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். தொடக்கத்தில் கவனமாகத்தான் இறங்குவீர்கள். அப்புறம்? கால் படியில், மனம் வட்டிக் கணக்கில்.

பழகிய வேலையை உடல் தானாகவே செய்துவிடும். அந்த இடைவெளியில் நினைவையும் கவலையையும் கிளறும் ஒரு நரம்பு வலைப்பின்னல் மூளைக்குள் சுறுசுறுப்பாகிவிடுகிறது. விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 சதவீதம் மனம் இப்படித்தான் அலைகிறது என்றது 2010இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வு. பாதி வாழ்க்கை!

முளைக்குச்சியில் கட்டிய ஆடு மேயப் போகும். கயிறு இழுத்ததும் திரும்பும். உள்ளங்காலில் படும் கல்லின் குளிர்ச்சியை முளைக்குச்சியாக வைத்துக்கொள்ளுங்கள். கவனம் அங்கே நிலைத்தால் அந்த வலைப்பின்னல் தணிகிறது.

மனம் மறுபடி ஓடுகிறதா? ஓடட்டும். ஓடியதைக் கண்டுகொண்டு திரும்புவதுதான் பயிற்சியே.

ஏறும்போது இன்னும் எளிது. வாங்குகிற மூச்சைக் கவனிக்காமல் யாரால் ஏற முடியும்?