மூவாயிரம் மணி நேரம்

தம்பதிகளின் பிணக்கைத் தீர்க்கப் படிப்பு எதற்கு, பாட்டி போதாதா என்றார் அறைத்தோழர். பாட்டி பேரன் கட்சி. குடும்பச் சிகிச்சையாளரோ எக்கட்சியும் சாராதிருக்கப் பழகவேண்டும். அது எளிதன்று. அமெரிக்காவில் முதன்முதலாக, 1963-இல், இத்தொழிலுக்கு உரிமம் விதித்தது கலிபோர்னியா. அங்கே முதுகலைப் பட்டம் மட்டும் போதாது. மேற்பார்வையாளரின் கீழ், 104 வாரங்களுக்குக் குறையாமல், 3,000 மணி நேரம் பணியாற்றவேண்டும். அதில் 500 மணியேனும் தம்பதிகள், குடும்பங்கள், குழந்தைகளுடன். "மனைவி அழுதபோது கணவனை ஏன் நீர் பார்க்கவேயில்லை?" என்பதுபோல் மேற்பார்வையாளர் துருவுவார். பாடநூலில் கிட்டாத கல்வி அதுதான்! நம் நாட்டில் இதற்கெனத் தனி உரிமம் இல்லை. சமூகப்பணி, மருத்துவ உளவியல் வழியே வருவோர் உண்டு. அவ்வழி செல்ல எண்ணும் நண்பர்களே, சேருமுன் மேற்பார்வை எத்தனை மணி என்று கேளுங்கள்.